படம் ரொம்ப இருட்டு

ஜூன் 6, வெள்ளி

'ரணவேங்கை' பார்த்தாயிற்று, வீடியோவும் போட்டாயிற்று. ஆனால் வீடியோவில் சொல்ல முடியாததை எங்கேயாவது கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். அதனால்தான் இந்த டைரி.

ஹீரோவுக்கு வயதாகிவிட்டது. அதை மறைப்பதற்காக அவரைப் படம் முழுக்க நடக்கவிட்டிருக்கிறார்கள். வசனம் பேசும்போது நடக்கிறார், காதலிக்கும்போது நடக்கிறார், பெற்ற தாய் சாகக் கிடக்கும்போதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்லோமோஷனில் நடக்கிறார். இதை வீடியோவில் சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்னை ஈரோட்டில் நடக்க விடமாட்டார்கள்.

வீடியோவில் சொன்னது இருட்டைப் பற்றி. குடோன் சண்டையில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் ஹீரோ ஜெயித்துவிட்டார் என்று கண்டுபிடித்தேன். "படம் ரொம்ப இருட்டு. கேமராமேன் வீட்டுல கரண்ட் பில் கட்டலயா?" என்று கேட்டதற்கு நல்ல வரவேற்பு. இந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே இருட்டாகத்தான் இருக்கின்றன என்று நிறையப் பேர் ஒத்து ஊதியிருக்கிறார்கள்.

பர்வீன் வழக்கம்போலத் தங்கமாளிகை தியேட்டர் பார்க்கிங்கில் நிற்க வைத்து போனில் எடுத்தாள். என்னோடு பி.காம் படிக்கிறாள், சேனலில் பாதிப் பங்கு அவளுக்கு. சேனல் பெயர் 'வாணி சொல்றா'. கோகிலவாணி என்று முழுப் பெயரையும் போட்டால் என் முகத்துக்கு இடம் இருக்காது. வெள்ளிக்கிழமை முதல் காட்சி, மதியச் சாப்பாட்டுக்குள் விமர்சனம். சேனல் ஆரம்பித்ததிலிருந்து ஒரு வெள்ளியையும் விட்டதில்லை, விடவும் மாட்டேன். படிப்பு முடிந்ததும் இதுதான் என் தொழில்.

வெளியே வரும்போது தியேட்டர் மேனேஜர் சென்னியப்பனைப் பிடித்தேன். "ஏனுங்க, புரொஜெக்டர் லேம்பை மாத்துங்க. ஒண்ணுமே தெரிய மாட்டீங்குது."

"லேம்பு போன மாசந்தான் மாத்துனது அம்மிணி. வேற யாரும் ஒண்ணும் சொல்லலயே."

வேறு யாருக்கும் ரசனை இல்லை என்றால் அதற்கு நான் என்ன செய்வது? படிக்கட்டிலும் விளக்கு போடுவதில்லை. தடுக்கி விழப் பார்த்தேன். கஞ்சப் பிசிநாறிகள்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்கு ஜவுளிக் கடை லீவு. வீட்டில் இருந்தாலே என்னைத் திட்டுவதற்கு ஏதாவது கிடைத்துவிடும். இன்று இட்லி மாவுக் குண்டான். நடக்கிற வழியில் வைத்திருந்தாள், நான் உதைத்துவிட்டேன், பாதி மாவு தரையில்.

"நடக்கற வழியில குண்டானை யாரும்மா வெக்கச் சொன்னா?"

"அது நேத்துல இருந்து அங்கயேதான் இருக்குது. உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்குது?"

தரையைத் துடைத்தேன். மாலையில் அப்பா லாரியிலிருந்து பேசினார். நாக்பூர் பக்கம் மழையாம். "படம் நல்லாருக்குதா?" என்று கேட்டார். வீட்டில் என் விமர்சனத்தை மதிக்கிற ஒரே ஆள் அவர்தான். அவரும் லாரி ஓட்டும்போது கேட்பாரே தவிர, பார்ப்பதில்லை.

ஜூன் 13, வெள்ளி

'ஈச்சங்காட்டு வீடு'. பேய்ப் படம் என்று சொன்னார்கள். பேயே வரவில்லை.

நாங்கள் கடைசி வரிசை. இதற்காகப் பர்வீனோடு சண்டை. அவளுக்கு நடு வரிசைதான் பிடிக்கும். போன வருடம் வரை நானும் அங்கேதான் உட்கார்ந்தேன். ஆனால் திரையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கடைசி வரிசைதான் சரி. கிட்டத்தில் உட்கார்ந்தால் படம் துண்டு துண்டாகத் தெரிகிறது. எல்லாப் பெரிய விமர்சகர்களும் கடைசி வரிசையில்தான் உட்காருவார்களாம். யார் சொன்னது என்று பர்வீன் கேட்டாள். நான்தான் சொன்னேன்.

இடைவேளைக்கு முன்னால் தியேட்டரே அலறியது. பர்வீன் என் கையைப் பிறாண்டிவிட்டாள். நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். திரையில் ஒரு பெண் தலை வாருகிறாள், அவ்வளவுதான். இதற்கு ஏன் கத்துகிறார்கள்?

"மூலையில நின்னாளேடி, பீரோ பக்கத்துல! நீ பாக்கலயா?"

"சும்மா இருடி. நீ கரப்பான்பூச்சிக்கே கத்துறவ."

'பேய் வராத பேய்ப் படம்' என்று தலைப்பு வைத்தேன். வழக்கத்தைவிட நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் பேய் எந்த நிமிடத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பயந்தாங்கொள்ளிகள்.

ஜூன் 20, வெள்ளி

'சிங்காரம் ஸ்டோர்ஸ்'. அருமையான படம். கதை சுமார்தான். ஆனால் முழுக்க வெயிலில் எடுத்திருக்கிறார்கள், ஒவ்வொரு முகமும் பளிச்சென்று தெரிந்தது. ஒளிப்பதிவுக்கு விருது கொடுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னேன். பர்வீன் வீடியோ எடுத்துவிட்டு, "இது சீரியல் மாதிரி இருந்துதுடி. நெசமாவே புடிச்சுதா?" என்று கேட்டாள். நிஜமாகவே பிடித்திருந்தது.

சாயங்காலத்தில் ஸ்கூட்டி எடுப்பதை நிறுத்திவிட்டேன். பெட்ரோல் விற்கிற விலைக்கு பஸ்ஸே மேல்.

ஜூன் 27, வெள்ளி

'பன்னிரண்டாம் நம்பர் பஸ்'. சின்னப் படம், புது இயக்குநர், தியேட்டரில் கால்வாசிகூட நிரம்பவில்லை. வெளியூருக்கு வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் அப்பாவுக்கும் சண்டை. 'நீ போனால் நான் செத்த மாதிரி, வழியனுப்ப வரமாட்டேன்' என்கிறார் அப்பா. கடைசிக் காட்சியில் அவள் பஸ் ஸ்டாப்பில் தனியாக நிற்கிறாள். பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. கேமரா அசையாமல் அவளையே காட்டிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரம்! பஸ் வருகிறது, ஏறிப் போகிறாள். உடனே அப்பா வந்து அவள் நின்ற இடத்திலிருந்த கல்லில் உட்காருகிறார். படம் முடிந்தது.

எங்கிருந்து வந்தார்? ஆகாயத்திலிருந்தா குதித்தார்? பக்கத்தில் எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வெளியே வந்ததும் பர்வீனைப் பேசவே விடவில்லை. "எடிட்டர் தூங்கிட்டாரு போல. அப்பா திடீர்னு எப்படி வந்தாருன்னு யாராவது சொன்னா ஒரு கிலோ அல்வா வாங்கித் தர்றேன்" என்று சொல்லி வீடியோவை முடித்தேன்.

அதை எடுக்கும்போது பர்வீன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வயிற்று வலியோ என்னவோ.

ஜூன் 28, சனி

அல்வா வாங்கிக் கட்டுப்படியாகாது. கமெண்டில் எல்லாரும் ஒரே பதில் எழுதியிருக்கிறார்கள்.

"அந்த அப்பா முதல்ல இருந்தே ஸ்கிரீனோட இடது ஓரத்துல நிக்கிறாரு. பொண்ணுக்குத் தெரியாம நின்னு வழியனுப்புறாரு. படத்தோட உயிரே அதுதான். அக்காவுக்குக் கண்ணு தெரியுமா?"

"ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்."

"கண்ணு தெரியாதவங்க எல்லாம் விமர்சனம் பண்ணா இப்படித்தான்."

யாரோ என் படத்துக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையில் கோல் கொடுத்துப் போட்டிருக்கிறார்கள். கல்லூரி வாட்ஸப் குழுவுக்கும் வந்துவிட்டது. வீடியோவை எடுத்துவிடலாம் என்றாள் பர்வீன். எடுக்கமாட்டேன். பொய் சொல்லியிருந்தால்தானே எடுக்க வேண்டும்? பார்த்ததைத்தான் சொன்னேன். திங்கட்கிழமை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு, அந்த ஓரத்தில் யாரும் இல்லை என்று இவர்கள் மூக்கை உடைக்கிறேன்.

ஜூன் 30, திங்கள்

மதியக் காட்சி. கடைசி வரிசை. கடைசிக் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெண் நிற்கிறாள். சுற்றிலும் இருட்டு.

"எங்கடி? யாரும் இல்ல பாரு" என்றேன்.

பர்வீன் என் தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்பினாள்.

இருந்தார். டீக்கடைத் தட்டிக்குப் பக்கத்தில், தோளில் துண்டோடு, கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பெண்ணைக் காணவில்லை.

வெளியே வந்தோம். கரும்புச் சாறு குடித்தோம்.

ஜூலை 1, செவ்வாய்

துணி துவைத்தேன். காயப்போட்டதும் மழை. மறுபடி அலசினேன்.

ஜூலை 2, புதன்

கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று செய்து பார்த்தேன். நேராகக் காலண்டர் முருகனைப் பார்த்தபடி, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி விரலை ஆட்டினேன். கை தெரியவில்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தேன், தெரியவில்லை. இன்னும் கொஞ்சம். கடைசியில் முருகனைக் கும்பிடப் போகிற மாதிரி கைகள் கிட்ட வந்த பிறகுதான் விரல்கள் தெரிந்தன. பர்வீன் வந்தபோது அவளையும் செய்யச் சொன்னேன். அவள் கையை விரித்தபடியே, "எனக்குத் தெரியுதேடி" என்றாள். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

பயமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டேன், இனி மறுக்க முடியாது.

ஜூலை 3, வியாழன்

நான் சொல்லாவிட்டால் தானே சொல்லிவிடுவேன் என்று மிரட்டிய பர்வீன், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவிடம் சொல்லியே விட்டாள். அம்மா கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கூட்டி, மாவுக் குண்டான், தியேட்டர் படிக்கட்டு எல்லாவற்றையும் பர்வீன் ஒப்பித்தாள். அம்மா என் முகத்துக்குப் பக்கவாட்டில் கையைக் கொண்டுவந்து ஆட்டிப் பார்த்தாள். நான் திரும்பவில்லை. ஆட்டினாள் என்பதே பர்வீன் சொல்லித்தான் தெரியும்.

ஜூலை 4, வெள்ளி

போனேன். வெள்ளி முதல் காட்சியை எதற்கு விட வேண்டும்? படம் குப்பை. அது குப்பை என்பதற்கு நடுவில் தெரிந்ததே போதும்.

ஜூலை 7, திங்கள்

அம்மாவோடு கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரி. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு அறையாக உட்கார வைத்தார்கள். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் சொல்லச் சொன்னார்கள். எப்போதாவது ஒரு புள்ளி வந்தது. நடுவில் நீண்ட இடைவேளை. இந்த மிஷின் சரியில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பழக்க தோஷம்.

டாக்டர் சின்ன வயசு. பொறுமையாகப் பேசினார். "இருட்டுல தடுமாறுவீங்களா?"

"தியேட்டர்ல படிக்கட்டுக்கு விளக்குப் போடறதில்ல டாக்டர்."

"வீட்ல?"

"அம்மா வழியில பாத்திரம் வெக்கறாங்க."

டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பிறகு டாக்டர் அம்மாவிடம் திரும்பி, "சொந்தத்துல கல்யாணமாங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க. என்ற தாய்மாமனுக்கே கட்டிக் குடுத்துட்டாங்க."

விழித்திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கம் தெரியாது, வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். மெதுவாகத்தான் வரும், நடுப் பார்வை பல வருடம் இருக்கலாம், எத்தனை என்று சொல்ல முடியாது. இப்போதைக்கு எனக்கு மருந்து இல்லை. பரம்பரையாக வருவது, நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் கொஞ்சம் அதிகம் வரும், ஆனால் இதில் யார் தப்பும் இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். அம்மா முதல் பாதியோடு காதை மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

"படம் பாக்கலாமா டாக்டர்?"

"தாராளமாப் பாருங்க. பாக்கறதால ஒண்ணும் கெட்டுப்போகாது."

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெருந்துறை வந்தபோது, "எங்கம்மா அழுதுட்டே இந்தக் கல்யாணம் வேண்டாம்னுச்சு, எங்கய்யன் கேக்கல" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்போது என்னைவிட அவளை நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஜூலை 9, புதன்

அம்மா இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள். முடிவு என்னைக் கேட்காமல் எடுத்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது. அந்தச் சேனலையும் மூடிரு. ஏற்கனவே ஊரே கண்ணு தெரியலன்னு கேலி பண்ணுது. நெசம்னு தெரிஞ்சா எவன் வருவான் உன்னக் கட்ட? ஒரு கல்யாணம் ஆகட்டும், அப்பறம் என்ன வேணாப் பேசு."

"மறைச்சுக் கட்டிக் குடுப்பியா?"

"ஊர்ல எல்லாரும் எதையோ மறைச்சுத்தான் கட்டிக் குடுக்கறாங்க."

கத்தினேன். அவளும் கத்தினாள். எனக்குப் பார்வை போவது எனக்குத்தானே தெரியும், அதைப் பற்றி நான் பேசக்கூடாது என்றால் வேறு யார் பேசுவது? கேலி செய்தவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஓடி ஒளிந்தால் அவர்கள் சொன்னது மட்டும்தான் மிச்சம் இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "என்னாலதான் கண்ணு, எல்லாம் என்னாலதான்" என்றாள். அதற்குமேல் எப்படிச் சண்டை போடுவது?

அப்பாவிடம் போனில் சொன்னோம். லாரியை ஓரங்கட்டுகிற சத்தம் கேட்டது. "அடுத்த வாரம் வந்துருவேன்" என்றார்.

ஜூலை 11, வெள்ளி

போகவில்லை. அம்மாவுக்காக.

பத்தரை மணிக்கு டைட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நான் வெண்டைக்காய் நறுக்கினேன். 'வாணி அக்காவைக் காணோம், கண்ணாடி வாங்கப் போயிருக்காங்க போல' என்று ஒருத்தன் எழுதியிருந்தான். ஒரு வெள்ளி விட்டாயிற்று. இன்னொன்று விடமாட்டேன். அம்மா அழுதாலும் சரி.

ஜூலை 13, ஞாயிறு

சாப்பிட்டு முடித்ததும் அம்மா கேட்டாள்: "அந்த பஸ் படம் இன்னும் ஓடுதா?"

ஒரே ஒரு காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தியேட்டருக்கு வந்து எத்தனையோ வருடம். இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்தாள். படிக்கட்டில் என் கையைப் பிடித்து, "இங்க ஒரு படி, இன்னொண்ணு, அவ்வளவுதான்" என்று கூட்டிப் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, "ஓரத்துல வர்றதெல்லாம் நான் சொல்றேன். நீ நடுவுல பாத்துக்க" என்றாள்.

சொன்னாள் பாருங்கள்! "பக்கத்து ஊட்டுக்காரி வர்றா. நல்ல சுங்குடிச் சேலை, அறநூறு ரூவாய்க்குக் குறையாது." "அக்கட்டால ஒருத்தன் பீடி குடிக்கறான், கெரகம்." கதைக்கு வேண்டிய எதையும் சொல்லவில்லை, சேலையையெல்லாம் சொன்னாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைத் திருப்பி முறைத்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. நான் பெண்ணைப் பார்த்தேன். அம்மா என் காதுக்குள் பேசினாள்.

"அப்பங்காரன் வந்துட்டான்... தட்டியோரமா நிக்கறான்... அந்தப் புள்ளைக்குத் தெரியல... இன்னும் நிக்கறான் கண்ணு... கண்ணத் தொடைக்கறான்... போகவே இல்ல..."

பஸ் கிளம்பிப் போகும்வரை என் காதில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இந்த முறை அவர் வந்து கல்லில் உட்கார்ந்தபோது நானும் தேம்பித் தேம்பி அழுதேன்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குள்ள வெச்சு உனக்குக் கண்ணு தெரியுமான்னு கேட்டான்னா, அது இந்தப் பசங்க கேக்கறதவிட மோசம். நீ பேசு. என்ன வருதோ பாத்துக்கலாம்."

ஜூலை 14, திங்கள்

பர்வீன் மாமா மகள் கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருக்கிறாள். அவள் வரும்வரை காத்திருக்க முடியாது. அம்மா கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். தங்கமாளிகை பார்க்கிங்கில், நல்ல வெயிலில் நின்றேன். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன்.

பேசினேன். "வணக்கம், வாணி சொல்றா. எனக்குக் கண்ணு தெரியுமான்னு கேட்டிருந்தீங்க. ஓரம் தெரியாது. இருட்டுல தெரியாது. டாக்டர்கிட்டப் போய்த்தான் எனக்கே தெரிஞ்சுது. கொஞ்ச வருசத்துல இன்னும் குறையும். அந்த அப்பா அங்கயேதான் நின்னாரு, எடிட்டர் தூங்கல, நான்தான் பாக்கல. அந்தப் படத்தோட டீமுக்கு மன்னிப்பு. பேய் எங்கன்னு கேட்டதும் வாபஸ். ஆனா, நடுவுல இருக்கறது எனக்கு உங்களைவிட நல்லாவே தெரியும். பஸ் படத்துல இடைவேளைக்கு அப்பறம் வர்ற கல்யாணப் பாட்டு எதுக்கு? அதை வெட்டியிருக்கணும். 'ரணவேங்கை'ல ஹீரோவுக்கு நடக்கறதைத் தவிர வேற எதுவும் வரல. இதை முன்னாடியே சொல்லப் பயந்தேன், இப்ப பயமில்ல. வர்ற வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு வருவேன். பக்கத்துல எங்கம்மாவோ பர்வீனோ ஓரத்தைப் பாத்துச் சொல்லுவாங்க. படம் நல்லா இருந்தா நல்லாருக்குன்னு சொல்லுவேன். இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன்."

பேசி முடித்தேன். கண்ணில் நீர் நின்றதால் அம்மா முகம்கூடக் கலங்கலாகத்தான் தெரிந்தது. "எப்படிம்மா வந்திருக்கு?"

அம்மா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கண்ணு... நீ பேசறதையே பாத்துட்டு நின்னுட்டேன். அந்தச் செவப்புப் பொத்தானை அமுக்கவே இல்ல."

பார்க்கிங்கே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"இன்னொருக்காச் சொல்லு சாமி. இப்ப அமுக்கிட்டேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.